எட்டாம் பக்கம்

புதன்கிழமை காலை 10:40.

ஆறாம் எண் படுக்கையில் இருந்த தையற்காரர், ஊசி போட்ட இருபதாவது நிமிடத்தில் இறந்துபோனார். ஊசி போடும்போது நர்ஸிடம், "பார்த்துப் போடுங்க சிஸ்டர், எனக்கும் ஊசிதான் பொழப்பு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. அவர் மனைவி அப்போது வராந்தாக் குழாயில் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குள் ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பேச்சு. படுக்கையில் தொங்கிய மருந்து அளவுத்தாளில் 'பாதி அளவு' என்று பளிச்சென்று அச்சாகியிருக்கிறது. காலிக் குப்பியோ முழு அளவும் உள்ளே போனதைக் காட்டுகிறது. அப்புறம் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது? இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த நர்ஸ் ஒரே மதியத்தில் கொலைகாரி ஆனார். நான்கு மணிக்குப் போலீஸ் வந்து, அளவுத்தாள் உட்பட அவருடைய சிகிச்சைக் கோப்பைக் கட்டிச் சீல் வைத்து எடுத்துப்போனது.

வியாழன் காலை 9:15.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருக்கும் நூலகத்துக்குள் இன்ஸ்பெக்டர் நுழைந்தபோது, நூலகர் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள். அச்சு இயந்திரத்தின் எண்ணிக்கைக்கும் அவள் குறிப்புநோட்டுக்கும் புதன்கிழமைக் கணக்கில் இரண்டு தாள் இடித்தது.

"ரெண்டு தாளுக்கா இவ்வளவு கவலை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்குக் கூட்டல் தப்பாது சார். அதான்."

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. டாக்டர்கள் முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ஆமை என்பார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஆமையக்கா என்றே நிலைத்துவிட்டது. எதைப் படித்தாலும் வரிக்குக் கீழே விரலை வைத்து, விரல் நகர்ந்தால்தான் கண் நகரும் என்று படிப்பவள். பெயர் அவளுக்கும் தெரியும். ஆமையை யாரும் அவசரப்படுத்த முடியாது என்பதால் அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

இன்ஸ்பெக்டர் கோப்பை மேசைமேல் போட்டார். "இதுல இருக்கிற கட்டுரையைப் பார்த்துதான் அந்த மருந்தைக் குடுத்திருக்காங்க. நேத்து ராத்திரி படிக்கலாம்னு உட்கார்ந்தேன். முதல் பத்தியைத் தாண்டலை. எனக்கு நீங்கதான் சொல்லணும்."

"தாராளமா."

"எழுத ஒரு தாள் குடுங்க."

ஆமையக்கா கைக்கருகே இருந்த அட்டைப்பெட்டியின் மேல்தாளை எடுத்து நீட்டினாள். பின்பக்கம் அச்சாகி, முன்பக்கம் வெறுமையாக இருந்த தாள். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் எந்தத் தாளும் இந்த நூலகத்தில் குப்பைக்குப் போகாது, பெட்டிக்குத்தான் போகும். அவள் வீட்டிலும் அதே சட்டம்தான்.

சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளை இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். 'ஆய்வுக் கட்டுரையை மூன்று சுற்றில் படிப்பது எப்படி' என்று தலைப்பு.

"இது என்ன?"

"நான் எழுதினதுதான். முதல் சுற்று நீலப் பென்சில்: தலைப்பு, சுருக்கம், படம், முடிவுரை. பத்து நிமிஷத்துல ஆயிடும். நமக்கு ஆகாதுன்னா அப்பவே தூக்கி வெச்சிடலாம். ரெண்டாவது சிவப்பு: அட்டவணை, கணக்கு, அவங்க எதை நம்பிச் சொல்றாங்கன்னு பார்க்கறது. ஒரு மணி நேரம். மூணாவது பச்சை: முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும். பக்கத்துக்கு ஒரு டிக். பச்சை விழாத கட்டுரையை நம்பி நோயாளி மேல கை வைக்கக் கூடாது."

"நல்ல ஏற்பாடா இருக்கே!"

"என் தம்பிக்காக எழுதினது. இங்கதான் ஆராய்ச்சி டாக்டர். தினம் பத்துக் கட்டுரை வந்து விழுது, எதைப் படிக்கிறது எதை விடறதுன்னு தெரியலை அக்கான்னு அழாத குறையா நின்னான். பெரிய டாக்டருக்குப் பிடிச்சுப்போய்த் துறைக்கே சட்டமாக்கிட்டார்."

சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை வழிந்தது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

9:50.

பெரிய டாக்டர் உட்காராமலே பேசினார்.

"இந்தக் கட்டுரையைப் படிச்சீங்களா?"

"பார்த்தேன்."

"படிச்சீங்களா?"

"மாசம் இருநூறு கட்டுரை வருது இன்ஸ்பெக்டர். சுருக்கத்தைப் படிப்பேன், முடிவைப் படிப்பேன். மிச்சத்துக்குத்தான் பச்சைப் பென்சில் ஆளுங்க இருக்காங்களே."

"அளவுத்தாள்ல இருக்கிறது உங்க கையெழுத்தா?"

"என்னுதுதான். போன வெள்ளிக்கிழமை தேதி போட்டிருக்கு பாருங்க."

"வெள்ளிக்கிழமைதான் போட்டீங்களா?"

"ஒரு நாளைக்கு எழுபது தாள் நீட்டறாங்க. எதை எப்பப் போட்டேன்னு கேட்டா நான் என்ன சொல்றது? நம்பிக்கைன்னு ஒண்ணு வேணுமில்ல?"

10:20.

நர்ஸ் பெண் போலீஸோடு வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது, பேச்சு மட்டும் திடமாக இருந்தது.

"தாள்ல என்ன இருந்துச்சு சிஸ்டர்?"

"முழு அளவு."

"இதோ, பாதின்னு இருக்கே."

"நான் பார்த்த தாள் இது இல்ல சார்."

"அப்ப அந்தத் தாள் எங்க?"

"அவர் மூச்சு நின்னதும் பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடினேன். நெஞ்சைப் பிடிச்சு அமுக்கினேன். தாள் எங்கன்னு அப்ப யார் பார்த்தா?"

"கவனப் பிசகா இருக்கலாமே. ஒத்துக்கிட்டா உங்களுக்கே நல்லது."

"செய்யாததை ஒத்துக்கிட்டா எப்படி சார் நல்லதாகும்?"

ஆமையக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இந்த ஆஸ்பத்திரியில் அவளை ஆமை என்று ஒரு தடவைகூடச் சொல்லாத ஆள் இந்த நர்ஸ் ஒருவர்தான். ஆனாலும் மனசு எந்தப் பக்கம் சாய்ந்ததென்று கேட்டால், கோப்பில் தம்பியின் பச்சை டிக் இருக்கிறது என்ற நிம்மதிப் பக்கம்தான் சாய்ந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

10:45.

தம்பி வந்தான். சவரம் செய்யாத முகம். அக்காவைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"கட்டுரையை முழுசாப் படிச்சது நீங்கதானே?"

"ஆமா சார். மூணு சுற்றும். மூணு வாரம் ஆச்சு. பச்சை டிக் இருக்கும் பாருங்க."

"தையற்காரருக்குப் பாதி அளவுன்னு முடிவு பண்ணது?"

"நான்தான். அவருக்குச் சிறுநீரகம் சரியில்ல. எட்டாம் பக்கத்துல இருக்கு, கீழேருந்து ஆறாவது வரி. 'சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பாதி அளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. முதல் மூவருக்கு முழு அளவு கொடுத்து நாங்கள் கைவிட நேர்ந்தது.'"

"மூணு வாரத்துக்கு முன்னால படிச்சதை வரி தப்பாம சொல்றீங்களே!"

அக்காதான் பதில் சொன்னாள்: "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் சார். அம்மா போனப்ப இவனுக்கு ஆறு வயசு. நான்தான் பக்கத்துல உட்கார வெச்சுப் படிக்க வைப்பேன். பக்கத்தோட கடைசி வரி முடிஞ்சா அந்த இடத்துல ஒரு டிக். தடுக்கின வார்த்தைக்குக் கீழ ஒரு புள்ளி. புள்ளியே இல்லேன்னா படிக்கலை, சும்மா புரட்டியிருக்கான்னு கண்டுபிடிச்சிடுவேன்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

அவன் போனதும் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "ரெண்டு மணிக்கு நர்ஸைக் கைது பண்ணி அழைச்சிட்டுப் போறேன். நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். கோப்பு சரியா இருக்கு, பதினோரு பக்கமும் இருக்கு, எட்டாம் பக்கத்துல இன்னது இருக்குன்னு."

"படிக்காம எழுதித் தர மாட்டேன் சார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"எனக்கு ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம். முக்கால் மணி நேரத்துல முடிச்சிடுவேன்."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவருக்கும் அந்தப் பட்டப்பெயரின் அர்த்தம் அப்போது விளங்கியிருக்க வேண்டும்.

11:05.

குழல்விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்ததால் ஆமையக்கா கோப்பை ஜன்னலோரம் எடுத்துப்போனாள். வெளியே வராந்தா பெஞ்சில் தையற்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பிளாஸ்க். அதே பெஞ்சின் மறுமுனையில் நர்ஸ், பக்கத்தில் பெண் போலீஸ். அந்த அம்மாள் காலையிலிருந்து வருகிற போகிற எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "அவருக்கு என்னதான் ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்களேன்." எல்லாருக்கும் அவசர வேலை இருந்தது.

விரல் நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு பக்கத்திலும் வலது மேல்மூலையில் பச்சை டிக். எல்லாம் ஒரே உயரம், ஒரே சாய்வு. ஐந்தாம் பக்கத்தில் அவள் விரல் தயங்கியது. கடைசி வரி முடிந்த இடத்தில் போட வேண்டிய டிக் ஏன் மேல்மூலையில் இருக்கிறது? தாள்களின் மூலையை விசிறிபோல் விரித்துப் பிடித்துக்கொண்டு சரசரவென்று போட்டால் இப்படித்தான் விழும். பதினோரு டிக்குக்குப் பத்து வினாடி போதும்.

ஆனாலும் விரலை எடுக்கவில்லை. ஆறு, ஏழு.

எட்டாம் பக்கத்தில் டிக் மூலையில் இல்லை. கடைசி வரியின் கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. கீழேயிருந்து ஆறாவது வரியில், 'பாதி' என்பதற்குக் கீழே, பென்சில் முனை அழுந்திய ஒரு பச்சைப் புள்ளி.

அவள் கோப்பை மூடிப் பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பத்துத் தாளின் ஓரம் பழுப்பு. நடுவே ஒரே ஒரு தாளின் ஓரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. போன வாரம் வரை நூலகத்தில் பழுப்புத் தாள்தான். இந்தத் திங்கட்கிழமை காலையில்தான் வெள்ளைத் தாள் கட்டை அவளே கத்தரியால் பிரித்தாள். வார்டு இயந்திரம் கெட்டு நான்கு மாதமாகிறது. துறையில் எது அச்சாவதானாலும் இங்கேதான்.

அளவுத்தாளை உருவினாள். போன வெள்ளிக்கிழமை தேதி. தாள் வெள்ளை.

மூன்று வாரத்துக்கு முன் இந்தக் கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்தது அவள்தான். அந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு ஒரு வியாதி உண்டு: நடுவில் தாள் சிக்கினால் ஒரு பக்கத்தை இரண்டு தடவை துப்பும், அடுத்த பக்கத்தை விழுங்கிவிடும். அன்றைக்கும் சிக்கியது. பிடுங்கி எடுத்தாள், மறுபடி ஓடவிட்டாள், எண்ணிப் பார்த்தாள். பதினொன்று. சரியாக இருந்தது, பின் அடித்துக் கொடுத்தாள். வாழ்நாளெல்லாம் விரல் வைத்துப் படித்தவள் அன்றைக்கு எண்ணினாளே தவிர, படிக்கவில்லை.

12:10.

அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்த ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தாள். தேடியது இல்லை. பிறகுதான், காலையில் மேல்தாளை எடுத்து யார் கையில் கொடுத்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

மேசையில் ரப்பர் இருந்தது. ஒரு டிக், ஒரு புள்ளி. இரண்டு தேய்ப்பு தேய்த்தால் போகும். இன்ஸ்பெக்டர் கேட்பது ஒரே ஒரு வரி. அந்தப் புள்ளிக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், காலையில் அவள் பெருமைக்கு உளறியதை இன்ஸ்பெக்டர் இந்நேரம் மறந்திருப்பார். ஆறு வயதில் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிய பையன். இன்னும் இரண்டு மாதத்தில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கப்போகிறவன். அவள் ரப்பரைக் கையில் எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே நர்ஸ் கைக்குட்டையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். ஆமையக்கா ரப்பரை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

1:00.

எல்லாரும் வாசிப்பறையில் கூடினார்கள். பெரிய டாக்டர், நர்ஸ், தம்பி, இன்ஸ்பெக்டர். கதவு திறந்துதான் இருந்தது.

"கோப்பு சரியா இல்ல சார்," என்றாள் ஆமையக்கா. "அளவுத்தாள்ல வெள்ளிக்கிழமை தேதி இருக்கு. ஆனா அது அச்சான வெள்ளைத் தாள் கட்டை நான் பிரிச்சதே இந்தத் திங்கட்கிழமைதான். கோப்புல எட்டாம் பக்கமும் அதே வெள்ளைத் தாள். புதன்கிழமை நான் சாப்பிடப் போன நேரத்துல என் இயந்திரத்துல ரெண்டு தாள் கூடுதலா ஓடியிருக்கு. இந்த ரெண்டும்தான் அது. சிஸ்டர் சொன்னது நிஜம். அவங்க பார்த்தது வேற தாள்."

நர்ஸின் கை நாற்காலியை இறுகப் பிடித்தது.

"அப்ப எட்டாம் பக்கம் முன்னால கோப்புல இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல. அதுக்குப் பதிலா ஏழாம் பக்கம் ரெண்டு தடவை இருந்துச்சு. ஏழு முடிஞ்சு மறுபடி ஏழு வந்தா, படிக்கிற எவனுக்கும் தெரிஞ்சிடும். மூணு வாரமா யாருக்கும் தெரியலை. நீங்க எழுதிட்டிருக்கிற தாளைக் கொஞ்சம் திருப்புங்க சார்."

இன்ஸ்பெக்டர் திருப்பினார். அடியில் ஏழு என்ற எண். வலது மேல்மூலையில் பச்சை டிக்.

பெரிய டாக்டர் இப்போதுதான் உட்கார்ந்தார். "என் கையெழுத்து..."

"நீட்டினாங்க, போட்டீங்க டாக்டர். நேத்து மதியம்."

"யார் நீட்டினா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆமையக்கா எட்டாம் பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மத்த பத்து டிக்கும் மூலையில இருக்கு. விசிறி மாதிரி விரிச்சுப் போட்டது. இந்த ஒண்ணு மட்டும் கடைசி வரியில இருக்கு. 'பாதி'ங்கிறதுக்குக் கீழ ஒரு புள்ளி இருக்கு. காலையில நானே உங்ககிட்ட சொன்னேன் சார், தடுக்கின இடத்துல புள்ளி வெப்பான்னு. கைப்பழக்கம். அவனை அறியாமலே வந்திருக்கு. உருவின ஏழாம் பக்கத்தைக் குப்பையில போடாம பெட்டியில போட்டதும் நான் பழக்கின பழக்கம்தான். இந்தக் கட்டுரை முழுக்க என் தம்பி உண்மையாப் படிச்சது இந்த ஒரு பக்கத்தைத்தான். அதுவும் ஆள் செத்த பிறகு."

தம்பி முதல் தடவையாக அக்காவை நேராகப் பார்த்தான்.

"நேத்து அவர் செத்ததும் கம்ப்யூட்டர்ல முழுக் கட்டுரையைத் திறந்து பார்த்தேன்," என்றான். "எட்டாம் பக்கம் அங்க இருந்துச்சு. கோப்புல இல்ல. அதான் அவருக்கும் முழு அளவுன்னு எழுதியிருந்தேன். அச்செடுத்தது யாருக்கா? நீதானே? நான் என்னைக் காப்பாத்திக்க மட்டும் இதைச் செய்யலை."

"தெரியும்டா. அதையும் எழுதிக் குடுத்திருக்கேன். அச்செடுத்தது நான், எண்ணிட்டுப் படிக்காம விட்டது நான், பத்து நிமிஷத்துல படிக்கலாம்னு உங்களுக்கெல்லாம் வழி சொல்லிக் குடுத்ததும் நான்."

"எனக்கு நேரமே இல்லக்கா. தினம் பத்துக் கட்டுரை..."

"படிக்காதது தப்பு. அதுல நம்ம எல்லாருக்கும் பங்கு இருக்கு. ஆனா தாளை மாத்தி இவங்க தலையில கட்டினியே, அது உன்னோடது மட்டும்தான். அதுக்கு எங்கடா உனக்கு நேரம் கிடைச்சுது?"

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தொட்டு எழுப்பினார். வாசல்வரை போனவன் திரும்பி, "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டான். தினமும் இந்த நேரத்துக்குக் கேட்கிற கேள்வி, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

நர்ஸ் எழுந்து வெளியே போனார். நன்றி சொல்லவில்லை. ஆமையக்காவும் எதிர்பார்க்கவில்லை. பெரிய டாக்டர் எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

1:32.

திறந்த கதவருகே தையற்காரரின் மனைவி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"அந்தப் பக்கம்னு சொன்னீங்களே," என்றார். "அதுல என்னம்மா எழுதியிருக்கு?"

ஆமையக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். எட்டாம் பக்கத்தை இருவருக்கும் நடுவே வைத்து, முதல் வரிக்குக் கீழே விரலை வைத்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொரு வரியையும் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். கீழேயிருந்து ஆறாவது வரி வந்தபோது அந்த அம்மாள் விரலைப் பிடித்து நிறுத்தி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். கடைசி வரி முடிந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

அந்த அம்மாள் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி 1:36. மடியிலிருந்த பிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கினார். ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"நாலு நிமிஷம்தாம்மா ஆச்சு," என்றார்.